ஒரு முறைதானா? ஏன்?



"ஒரு நோயாளிக்குப் போட்ட சுவாசக் குழாயை எறிந்துவிடுகிறீர்களே, கொதிக்கவைத்துத் திரும்பவும் உபயோகிக்கலாகாதா?" காணிக்கை கொடுக்கிறவர்களுக்கு எழக்கூடிய நியாயமான கேள்வி இது. அந்தக் குழாய் எதனால் செய்யப்பட்டது என்பதில் விடை இருக்கிறது.

முழு மயக்கத்தில் நாக்கும் தொண்டைத் தசைகளும் தளர்ந்து மூச்சுப் பாதையை அடைத்துவிடலாம். ஆகவே மூச்சுக்குழலுக்குள் ஒரு குழாயைச் செலுத்துகிறோம். அல்லது குரல்வளையின் வாயில்மேல் பொருந்தும் லாரிஞ்சியல் மாஸ்கை வைக்கிறோம். 1981-ல் இங்கிலாந்தில் டாக்டர் ஆர்ச்சி பிரெயின் இந்த மாஸ்கை உருவாக்கினார். இனி, இவை எவற்றால் செய்யப்படுகின்றன என்று பார்ப்போம்.

சிவப்பு ரப்பர்: முன்னாளில் இக்குழாய்களைச் சுத்தம்செய்து பலமுறை உபயோகித்தார்கள். நாளடைவில் ரப்பர் கெட்டிப்பட்டு வெடிக்கும். உள்ளே சளி அடைத்தாலும் வெளியே தெரியாது.

பி.வி.சி.: தண்ணீர்க் குழாய் செய்யும் அதே பிளாஸ்டிக்தான், மென்மையூட்டும் பொருள் கலந்து வளையும்படி செய்கிறார்கள். விலை குறைவு. கண்ணாடிபோல் தெரிவதால், மூச்சின் ஈரம் உள்ளே படிவதையும் காணலாம். உடல் சூட்டில் இன்னும் இளகும். ஆனால் ஆட்டோகிளேவின் நீராவிச் சூட்டில் உருக்குலைந்துவிடும். ஆகவேதான் இது ஒரு முறைக்கு மட்டும்.

சிலிக்கோன்: மிருதுவானது, 134 டிகிரி நீராவியையும் தாங்கும். ஆரம்ப காலத்து சிலிக்கோன் மாஸ்கை 40 முறை வரை உபயோகிக்கலாம். விலையோ அதிகம். மேலும், நைட்ரஸ் ஆக்ஸைடு வாயு சிலிக்கோன் வழியே பலூனுக்குள் கசிந்து அழுத்தத்தைக் கூட்டும். அது தொண்டையை நசுக்காதபடி அடிக்கடி அளந்து பார்க்கவேண்டும்.

ஜெல் போன்ற புதிய பிளாஸ்டிக்: 2007-ல் வந்த ஐ-ஜெல் இவ்வகை. இதற்குப் பலூனே இல்லை. குரல்வளையின் வடிவத்திலேயே வார்க்கப்பட்டது. இதுவும் ஒரு முறைக்குரியதே.

அப்படியானால் எது சிக்கனம்? கடை விலையை மட்டும் பார்த்தால் கணக்கு தப்பும். சிலிக்கோன் மாஸ்க் என்றால் கழுவும் வேலை, நீராவிச் செலவு, எத்தனையாவது முறை என்று எழுதிவைக்கும் பதிவேடு ஆகியவற்றையும் சேர்க்கவேண்டும். எவ்வளவு கழுவினாலும் புரதத் துகள் சிறிது ஒட்டியிருக்கக்கூடும் என்பதும் உண்மை. ஒரு முறைக்குரிய பி.வி.சி. குழாயைக் கழுவி மறுபடியும் போடுவதோ சிக்கனமே அல்ல. கண்ணுக்குச் சுத்தமாய்த் தெரியும் குழாயின் பலூன் ஆப்பரேஷனின் நடுவே கசிந்தால், அங்கே பணயம் வைக்கப்படுவது ஒருவருடைய மூச்சு.

இனி யாராவது அந்தக் கேள்வியைக் கேட்டால், நீங்களே விடை சொல்லலாம் அல்லவா?