ஆள்சேர்ப்பு முகவருக்கு மிஞ்சும் தொகை

நிறுவனங்களுக்கு ஆள் தேடித் தரும் முகவர், பணியமர்ந்தவரின் ஆண்டு ஊதியத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கை, அதாவது ஒரு மாத ஊதியத்தைத் தரகாகப் பெறுவது நம் நாட்டில் பெருவழக்கு. ஆண்டு ஊதியம் ரூ. 6,00,000 எனில் தரகு ரூ. 50,000. வேலை இணையத்தளம் வழியே நடக்குமாயின், தளம் தன் கட்டணத்தைக் கழித்துக்கொண்டே மீதியை அனுப்பும். கட்டணம் 20 விழுக்காடு எனக் கொள்வோம். ரூ. 10,000 கழிகிறது, அதன்மேல் 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி ரூ. 1,800. மிஞ்சுவது ரூ. 38,200.

வரிப்பதிவு பெற்ற முகவர் அந்த ரூ. 1,800-ஐ உள்ளீட்டு வரி வரவாக ஈடுசெய்துகொள்வார். ஆண்டு வரவு ரூ. 20 லட்சத்தைத் தாண்டாமையால் பதிவு பெறாத சிறு முகவருக்கோ அது போனது போனதுதான். வருமான வரிப் பிடித்தம் வேறு. அது கணக்குத் தாக்கலின்போது வரவாகும். இரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழம்புவோர் வணிகவியல் வகுப்பிலும் உண்டு!

கட்டண விழுக்காட்டைவிட நான் பெரிதாகக் கருதுவது திருப்பும் விதியை. அமர்ந்தவர் 90 நாளுக்குள் விலகினால் தரகைத் திருப்பவேண்டும் என்பது பல ஒப்பந்தங்களில் காண்பது. முகவர் ரூ. 50,000-ஐயும் திருப்பியபின் தளம் தன் கட்டணத்தைத் திருப்பாவிடில், உழைப்புக்குக் கூலி இல்லை என்பதோடு, பதிவில்லாத முகவருக்குக் கைநட்டம் ரூ. 11,800.