எச்சத்தைத் தேய்க்காதீர்கள், ஊற வையுங்கள்

பானட்டில் பறவை எச்சம் விழுந்து தடம் பதிந்துவிட்டால், பலர் வண்டியை பாலிஷ் கடையில் விட்டு, மொத்தத்துக்கும் பஃபிங் போடச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பெயின்ட்டுக்கு மேலே பளபளப்புக்காக அடிக்கும் கிளியர் கோட் சுமார் 40, 50 மைக்ரான்தான். நோட்டுத்தாளின் கனத்தில் பாதி. ஒவ்வொரு பஃபிங்கிலும் அதில் கொஞ்சம் தேய்ந்து போகிறது. உள்ளங்கை அளவு தடத்துக்காக முழு வண்டியின் தோலையும் உரிப்பானேன்?

என் வண்டி கருநீலம். சென்னையில் எங்கள் தெரு நெடுக தூங்குமூஞ்சி மரங்கள், சாயங்காலமானால் காக்கைக் கூட்டம். அதனால் இந்தத் தடங்களோடு பழக்கம் அதிகம்.

எச்சத்தில் வெள்ளையாக இருப்பது யூரிக் அமிலம். பறவைகளுக்குச் சிறுநீர் தனியாகப் போவதில்லை, எல்லாம் சேர்ந்தேதான் வரும். அமிலம் அரிப்பது ஒரு பக்கம். வெயில் செய்யும் வேலை இன்னொரு பக்கம். சித்திரை வெயிலில் கருநிற பானட் 70 டிகிரியைத் தொடும். அந்தச் சூட்டில் கிளியர் கோட் இளகி விரியும். பொழுது சாய்ந்து குளிரும்போது, காய்ந்து கிடக்கும் எச்சத்தைச் சுற்றி அதன் உருவத்துக்கே இறுகிவிடும். இதனால்தான் கழுவிய பிறகும் ஓரம் சுருங்கிய வளையமாக ஒன்று தெரிகிறது. காலையில் விழுந்ததை உச்சி வெயிலுக்கு முன் எடுத்துவிட்டால் பெரும்பாலும் தடமே விழாது.

எடுக்கும் விதம் முக்கியம். டிக்கியில் ஒரு தண்ணீர் பாட்டிலும் பழைய பனியன் துணியும் வைத்திருக்கிறேன். துணியைச் சொட்டச் சொட்ட நனைத்து எச்சத்தின் மேல் போட்டுப் பத்து நிமிடம் விட்டுவிடுவேன். அரசம்பழமும் ஆலம்பழமும் தின்ற மைனாவின் எச்சத்தில் மணல் போல விதைகள் இருக்கும். காய்ந்தபடியே தேய்த்தால் அத்தனையும் கீறல். ஊறியதும் அழுத்தாமல் வழித்தெடுத்து, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவினால் போதும். புறா எச்சத்தைக் காய்ந்த நிலையில் சுரண்டவே கூடாது, அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

தடம் விழுந்துவிட்டால்? எங்கள் பகுதியில் பெயின்ட் பட்டறை வைத்திருக்கும் பெரியவர் சொன்னதைத்தான் நான் பின்பற்றுகிறேன்: "சூட்டுல வந்தது சூட்டுலயே போகும் தம்பி. போகலைன்னா மட்டும் காம்பவுண்ட எடு." கொதிக்கும் தண்ணீரில் துணியை முக்கி, கையுறை போட்டுக்கொண்டு, தடத்தின் மேல் ஒத்தடம் கொடுக்க வேண்டும். கிளியர் கோட் மறுபடி இளகி, லேசான சுருக்கம் தானாகவே படிந்துவிடும். எல்லாத் தடமும் இப்படிப் போகாது. ஆனால் போகிற தடத்துக்கு ஒரு மைக்ரான்கூடச் செலவில்லை.

அதற்கும் மசியாததை நிழலில், பானட் ஆறிய பிறகு, மைக்ரோஃபைபர் துணியில் துளி காம்பவுண்ட் (பெயின்ட்டைத் தேய்த்து மெருகூட்டும் பசை) தொட்டு அந்த இடத்தில் மட்டும் கையால் தேய்க்கலாம். நடுநடுவே துடைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். நேர் வெளிச்சத்தில் மறைகிற வளையம் சாய்ந்த வெளிச்சத்தில் காட்டிக்கொடுக்கும். நகத்தால் வருடும்போது பள்ளம் தட்டுப்பட்டால் அடுத்தது 3000 நம்பர் வாட்டர் பேப்பர், அதாவது தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள். சின்ன ரப்பர் கட்டையில் சுற்றி, ஷாம்பூ தண்ணீர் விட்டு, மெதுவாக. ஓடுகிற தண்ணீர் பால் போல வெளுத்து வந்தால் கிளியர் கோட்தான் தேய்கிறது. வண்டியின் நிறம் கலந்து வந்தால் அந்தக் கணமே நிறுத்த வேண்டும். கிளியர் கோட் தாண்டிவிட்டது, இனி அங்கே ஸ்ப்ரேதான் வழி. கிளியர் கோட் இல்லாத பழைய வண்டிகளில் மட்டும் முதலிலிருந்தே நிறம் வரும். பானட் மடிப்பின் விளிம்புகளில் பெயின்ட் மெல்லியதாக இருக்கும் என்பதால் அங்கே நான் பேப்பர் வைப்பதே இல்லை. மேட் பெயின்ட் வண்டிக்குக் காம்பவுண்டும் ஆகாது, பேப்பரும் ஆகாது.

சரிசெய்த இடத்தில் மெழுகு முழுக்கப் போயிருக்கும், அன்றைக்கே வேக்ஸ் போட்டுவிடுங்கள். செராமிக் கோட்டிங் போட்டால் எச்சம் ஒன்றும் செய்யாது என்று விற்பவர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். கோட்டிங் போட்ட வண்டியிலும் தடம் பதிந்ததைப் பார்த்திருக்கிறேன். கழுவுவதற்குக் கொஞ்சம் கூடுதல் அவகாசம் கிடைக்கும், அந்த அளவுக்கு அது உதவும்.