ஓவியம் அசைந்தால்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

நம்பிக்கை: போட்டோவை ஓவியமாக்கும் ஃபில்டரை ஒவ்வொரு ஃபிரேமுக்கும் போட்டால் வீடியோவும் ஓவியமாகிவிடும்.

உண்மை: போட்டுப் பாருங்கள், திரை முழுக்கக் கொதிக்கும். கன்னத்தில் விழுந்த தூரிகைத் தீற்றல் அடுத்த ஃபிரேமில் வேறு கோணத்தில், வேறு நிறத்தில் விழும். ஆள் அசையாமல் நின்றாலும் கேமராவின் இரைச்சலே தீற்றல்களை அலைக்கழிக்கப் போதும். சரி, தீற்றல்களைத் திரையிலேயே அறைந்துவிடலாம் என்றால் அது வேறு வம்பு. சொரசொரப்பான குளியலறைக் கண்ணாடிக்குப் பின்னால் ஆள் நடமாடுவதுபோல் இருக்கும். இந்தக் கோளாறுக்குத் துறையில் 'ஷவர் டோர்' என்றே பெயர்.

1996-இல் டிஸ்னியிலிருந்த பார்பரா மையர், முப்பரிமாண உருவத்தின் மேற்பரப்பில் புள்ளிகளை ஒட்டவைத்து, ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு தீற்றல் வரையச் செய்தார். உருவம் திரும்பினால் தீற்றலும் கூடவே போகும். ஆனால் பெயின்ட் போலத் தட்டையாகவே தெரியும். சாதாரண வீடியோவில் ஒட்டவைக்க உருவம் ஏது? அடுத்த ஆண்டு பீட்டர் லிட்வினோவிச், ஆப்டிக்கல் ஃப்ளோ மூலம் படத்தின் ஒவ்வொரு பகுதியும் எந்தப் பக்கம் நகர்ந்தது என்று கணக்கிட்டு, தீற்றல்களை அதே பக்கம் தள்ளினார். கை விலகி வெற்றிடம் தெரிந்தால் புதுத் தீற்றல் போட வேண்டும். நெரிசலான இடத்தில் சிலவற்றை எடுக்க வேண்டும். எனக்கு இதில் பிடித்தது, பொருளின் விளிம்பு வந்ததும் தீற்றலை வெட்டிவிடும் ஏற்பாடு. இல்லையென்றால் மூக்கின் நிறம் வானத்தில் வழியும்.

நம்பிக்கை: இதெல்லாம் ஏஐ வந்த பிறகு வந்தது.

உண்மை: பால் ஹேபர்லி கம்ப்யூட்டரில் போட்டோவைத் தீற்றல்களாக மாற்றிக் காட்டியது 1990-இல். ஏஐ மூலம் ஓவியப் பாணியைப் போட்டோவுக்கு ஏற்றும் கேட்டிஸ் குழுவின் நியூரல் முறை 2015-இல்தான் வந்தது. அதை வீடியோவுக்குக் கொண்டுபோனதும் பழைய கொதிப்பு திரும்பி வந்தது. 2016-இல் ஃப்ரைபர்க் ஆய்வாளர்கள் அதை அடக்கக் கையிலெடுத்ததும் ஆப்டிக்கல் ஃப்ளோவைத்தான்!

நம்பிக்கை: 'லவிங் வின்சென்ட்' கம்ப்யூட்டர் தீட்டிய படம்.

உண்மை: 2017-இல் வந்த அந்தப் படத்தின் சுமார் 65,000 ஃபிரேம்களைத் தீட்டியவர்கள் நூற்றுக்கும் மேற்பட்ட ஓவியர்கள். முதலில் நடிகர்களை வைத்துப் படம்பிடித்தார்கள். அதைப் பார்த்துக் கேன்வாஸில் எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார்கள். கம்ப்யூட்டர் துணைக்கு இருந்தது, தூரிகை மனிதர் கையில். அதிலும் தீற்றல்கள் துடிக்கத்தான் செய்கின்றன. ஒரு ஃபிரேம் முடிந்ததும் அசைய வேண்டிய இடத்தைச் சுரண்டி மறுபடி தீட்டியதால் வந்த துடிப்பு அது. அதை யாரும் குறையாகச் சொல்வதில்லை.