அரிசிப் பேணிக்குள் அந்து

தங்கச்சி, குசினிச் சுவரில் ஒட்டியிருக்கிற அந்தப் பூச்சியை விளக்குமாறால் அடித்து மினக்கெடாதே. வளர்ந்த அந்து ஒன்றும் தின்னாது. ஒன்றிரண்டு கிழமை இருந்து, முட்டை போட்டுச் செத்துப்போகும். உன் அரிசியைத் தின்பது பேணிக்குள் கிடக்கிற புழு.

எந்த அந்து என்று முதலில் பார். சாம்பல் கலந்த மண்ணிறம், சிறகை விரித்தால் ஏறக்குறைய 2 சென்ரிமீற்றர் என்றால் அரிசி அந்து. மூட்டைகளோடு கப்பலேறி வெப்ப நாடுகளெல்லாம் குடிபோன பூச்சி. இதன் புழு நூல் விட்டு அரிசியைக் கட்டி கட்டியாக ஒட்டிவிடும். (இந்திய ஆய்வுகூடங்களில் இதை வேண்டுமென்றே வளர்க்கிறார்கள், பயிர்ப் புழுக்களை ஒழிக்கிற சின்னக் குளவிகளைப் பெருக்க இதன் முட்டைதான் வேண்டுமாம்!) அதைவிடச் சின்னதாய், வைக்கோல் நிறத்தில், பின்சிறகு ஓரம் நீண்ட மயிரோடு இருந்தால் நெல் அந்து. நானாட்டான் பக்கத்து நெல்லை மூட்டையாக வாங்கி வைப்பவர்களுக்கு இதுதான் தொல்லை. புழு நெல்லுக்குள்ளேயே இருந்து அதைக் கோதாக்கும். வளர்ந்த பூச்சி சின்ன வட்ட ஓட்டையால் வெளியே வரும். வயலில் கதிர் முற்றும்போதே முட்டை ஏறிவிடும், சாக்கைத் திட்டிப் பயனில்லை.

நெல்லுக்கு வெயில்தான் மருந்து. பள்ளிமுனையில் அதற்கா பஞ்சம்? மாரிக்கு முன்னம் படங்கில் மெல்லிசாகப் பரப்பி, உச்சி வெயிலில் பிரட்டி விடு. கருவாடு காயப்போட்ட படங்கு வேண்டாம், மணம் போகாது. சூடு ஆறாமல் கட்டினால் வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். குத்திய அரிசியைக் கடும் வெயிலில் போடாதே, வெடித்துக் குறுணலாகும். அதையும் ஒடியல் மாவையும் பிறீசரில் நாலைந்து நாள் வை, முட்டையும் சாகும். நூல் பிடித்த அரிசி கோழிக்கு.

பேணியை மட்டும் கழுவினால் போதாது. கூடு கட்டுகிற நேரம் புழு வெளியே ஊர்ந்து, மூடியின் புரி, தட்டின் மூலை, சுவர் வெடிப்பு என்று ஒளிந்துகொள்ளும். அங்கெல்லாம் துடை. பழைய அரிசிக்கு மேல் புது அரிசியைக் கொட்டாதே.

வேப்பிலை வைக்கலாம்; பூச்சி கொஞ்சம் ஒதுங்கும், மணிக்குள் இருக்கிற புழு அசையாது. ஆனால் களஞ்சியங்களில் வைக்கிற அலுமினியம் பொஸ்பைட் குளிசையை யார் தந்தாலும் வீட்டுக்குள் எடுக்காதே. அதிலிருந்து வருகிற வாயு, நித்திரையில் கிடக்கிற பிள்ளைகளையே கொன்றுவிடும்.