தண்ணி பாயும் நேரத்தில் கைபேசி



வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வீடு சேலம் அம்மாபேட்டையில். அயோத்தியாப்பட்டணம் பக்கம் இரண்டே கால் ஏக்கர் தோட்டம். கத்தரி, நிலக்கடலை, கொஞ்சம் மரவள்ளி. ஏழு வருடமாக இரசாயன உரமோ பூச்சிக்கொல்லியோ போடாமல் செய்கிறேன். ஊரில் இன்னும் என்னை 'மேனேஜர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

வாய்க்கால் பாசனம் செய்கிறவர்களுக்குத் தெரியும். மடையைத் திருப்பிவிட்டால் சால் நிறைய பத்து, பதினைந்து நிமிடம் ஆகும். வீட்டுக்கும் போக முடியாது, வேறு வேலையையும் தொட முடியாது. வேப்பமர நிழலில் உட்கார்ந்தால் கை தானாகப் பைக்குள் போகும். எங்கள் தோட்டத்தில் சிக்னல் சரியாகக் கிடைக்காது. அதனால் இணையம் இல்லாமல் ஆடுகிற, கலர் மிட்டாய்களை வரிசை சேர்க்கிற விளையாட்டு ஒன்றை ஏற்றி வைத்திருந்தேன்.

போன வருடம் சித்திரையில் ஒரு நாள், 'இன்னும் ஒரே ஆட்டம்' என்று குனிந்தவன் நிமிர முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குள் வரப்பு உடைந்து, தண்ணி முழுக்கப் பக்கத்துக் காட்டு எள்ளில் நின்றது. எள் வறட்சியைத் தாங்கும், தேங்கின தண்ணியைத் தாங்காது. நாலு நாளில் இருபது சென்ட் எள் வாடிச் சாய்ந்தது. நட்டத்தைக் கொடுக்கப் போனேன். அந்த அண்ணன் வாங்கவில்லை. "ஏனுங்க மேனேஜர், செல்லுக்குள்ள அப்படி என்னதான் பயிர் வெச்சிருக்கீங்க?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அன்றைக்கே அந்த விளையாட்டை அழித்தேன். ஆனால் இடைவெளி அப்படியேதானே இருக்கிறது? அதை என்ன செய்யலாம் என்று ஒரு வருடம் பார்த்துக் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் பாடம்: காதால் பறவை பார்ப்பது

மெர்லின் என்று ஒரு செயலி. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் ஆய்வகம் இலவசமாகத் தருவது. வீட்டில் இணையம் இருக்கும்போது நம் பகுதிக்கான பறவைத் தொகுப்பை ஒரு தடவை இறக்கிக்கொண்டால் போதும். அதற்குப் பிறகு சிக்னல் இல்லாத இடத்திலும் சத்தத்தைக் கேட்டுப் பறவையின் பெயரைக் காட்டும்.

கத்தரித் தோட்டத்தில் முதல் நாள் பதினைந்து நிமிடத்தில் ஆறு பெயர் வந்தது. அதில் ஒன்று வல்லூறு. பக்கத்துக் காட்டு அண்ணனிடம் பெருமையாகக் காட்டினேன். அவர் மின்கம்பியைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "வல்லூறு இல்லீங்க, கரிச்சான். மைனாவை வெரட்ட அது வல்லூறு மாதிரி கத்தும்." கரிச்சானுக்கு அந்தப் பழக்கம் உண்டு என்று பறவை ஆய்வாளர்களும் எழுதியிருக்கிறார்கள். அதனால் செயலி சொல்வதை விடையாக எடுக்காதீர்கள். 'எங்கே பார்க்கணும்' என்பதற்கான குறிப்பு அது. கண்ணால் பார்த்த பிறகுதான் நம்ப வேண்டும்.

கரிச்சான் பறக்கிற பூச்சியையும் பிடிக்கும், தரையில் ஊர்கிற புழுவையும் எடுக்கும். உட்கார உயரமான இடம் வேண்டும், அவ்வளவுதான். ஏக்கருக்கு இருபது 'டி' வடிவக் குச்சி நடச் சொல்வார்கள். நான் முன்பு ஏனோதானோவென்று நட்டிருந்தேன். எந்தக் குச்சியில் உட்காருகிறது, எதில் உட்காருவதில்லை என்று இடைவெளிகளில் கவனித்த பிறகு, செடி மறைத்த குச்சிகளைப் பிடுங்கி உயரமாக நட்டேன். இப்போது அவற்றிலும் வந்து உட்காருகிறது.

2015 முதல் தமிழ்நாட்டில் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் பார்த்து எண்ணி, இ-பேர்டு செயலியில் பதிந்தால் போதும். சிக்னல் இல்லாவிட்டாலும் பட்டியல் கைபேசியில் இருக்கும், வீட்டுக்கு வந்து அனுப்பிக்கொள்ளலாம். ஒரு மடை நேரம், ஒரு பட்டியல்!

இரண்டாம் பாடம்: பூச்சியும் கணக்கும்

சீக் என்ற செயலியும் இணையம் இல்லாமல் பூச்சி, செடிகளை அடையாளம் காட்டும். பல சமயம் குடும்பப் பெயரோடு நின்றுவிடும். அதுவே நமக்குப் பாதி உதவி. பொறிவண்டின் புழுவைத் தீமை செய்யும் பூச்சி என்று நசுக்கியவர்களில் நானும் ஒருவன். அசுவினியைத் தின்று தீர்ப்பதே அந்தப் புழுதான்.

ஐந்து நிமிடம் கிடைத்தால் பத்துக் கத்தரிச் செடியின் நுனியைப் பாருங்கள். வாடித் தொங்கினால் உள்ளே துளைப்பான் புழு இருக்கும். கிள்ளி அழித்துவிட்டு, எத்தனை என்று கைபேசிக் குறிப்பில் எழுதுங்கள். அங்கேயே அன்றைய கூலி, டீசல், விற்பனையையும் எழுதிவிடுங்கள். கடன் கேட்டு வந்த எத்தனையோ விவசாயிகளிடம் 'போன போகம் என்ன செலவு?' என்று கேட்டிருக்கிறேன். சொன்னவர்கள் சிலர்தான். அன்று குறை சொன்ன நானே, முதல் இரண்டு வருடம் கணக்கு எழுதவில்லை.

மூன்றாம் பாடம்: விளையாட்டே கூடாதா?

ஆடலாம். சதுரங்கம், பல்லாங்குழி, ஆடுபுலி ஆட்டம் எல்லாம் கைபேசியிலேயே இருக்கின்றன. ஆனால் மூன்று புலி, பதினைந்து ஆட்டுக்கு இருபத்து மூன்று புள்ளிக் கோட்டைக் கல்லில் கீறினாலே போதுமே! எதிரே ஓர் ஆள் இருந்தால் அவர் சொல்லிவிடுவார், "தண்ணி ரொம்பிடுச்சு பாருங்க" என்று.

வங்கிக்காரனாக மூன்று எச்சரிக்கை. ஒன்று, விமானப் பயன்முறையைப் போட்டுத் திறந்து பாருங்கள். ஓடினால்தான் அது இணையம் தேவைப்படாத விளையாட்டு. இரண்டு, குறுஞ்செய்தியையும் தொடர்பு எண்களையும் பார்க்க அனுமதி கேட்டால் உடனே அழியுங்கள். உங்கள் ஓடிபி வருவது அந்தக் குறுஞ்செய்தியில்தான். மூன்று, பணம் கட்டச் சொன்னால் அது விளையாட்டே இல்லை. இணையச் சூதாட்டத்தைத் தடுக்கும் தமிழ்நாட்டுச் சட்டம் 2023-ல் நடைமுறைக்கு வந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்தது. ஏமாந்து பணம் போனால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.

கடைசியாக, மடை திருப்பியதும் கைபேசியில் பத்து நிமிட அலாரம் வைத்துவிடுங்கள். காதில் எதையும் மாட்டாதீர்கள். மோட்டார் சத்தம் மாறுவதும், வரப்பு உடைந்து தண்ணி சலசலப்பதும் காதுக்குத்தான் முதலில் தெரியும். ஈரக் கையோடு ஸ்டார்ட்டர் பெட்டிப் பக்கம் கைபேசி வேண்டாம். இடி இடித்தால் மரத்தடியே வேண்டாம்.

இந்த மாசியில் அந்த அண்ணன் அதே இடத்தில் மறுபடி எள் விதைத்தார். இந்தத் தடவை வரப்பை நான் போட்டுக் கொடுத்தேன். தண்ணி பாயும்போது இப்போதெல்லாம் அவரும் வேப்பமரத்தடிக்கு வந்துவிடுகிறார். "இன்னிக்கு செல்லு என்ன பறவைங்குது, மேனேஜர்?" என்று கேட்பார். கேட்டுவிட்டு, அது சரியா தப்பா என்று அவரே சொல்லிவிடுவார்.