மாசி, பங்குனி மாதங்களில் அந்தமான் கடலில் முக்குளிப்போருக்கு

மாசி பிறந்துவிட்டது. வடகிழக்குப் பருவக்காற்றின் வேகம் ஓய்ந்து, தென்மேற்குப் பருவக்காற்று மே மாதப் பிற்பகுதியில் வந்து சேர இன்னும் அவகாசம் இருக்கும் இந்த இடைக்காலமே, முன்பு ஹாவ்லாக் என்று வழங்கிய ஸ்வராஜ் தீவிலும் அதன் அண்டையிலுள்ள ஷஹீத் தீவிலும் ஸ்கூபா கருவி பூண்டு பவளப்பாறைகளைக் காண விரும்புவோருக்கு மிகவும் உகந்தது. காற்று அடங்கியிருப்பதால் படகு ஆடாது. மழை வெள்ளம் மண்ணைக் கரைத்துக் கொண்டுவராததால் நீரும் தெளிந்திருக்கும்.

ஆயினும், நமக்கு அனுகூலமான இந்த அமைதியே நாளடைவில் பவளத்துக்குப் பிரதிகூலமாகிறது. மேகமற்ற வானமும் அலையற்ற நீருமாக நாட்கள் நீண்டு, சித்திரையில் கடல் சூடேறி, வழக்கமான கோடை உச்சத்துக்கு மேல் ஒரு டிகிரி வெப்பம் சில வாரங்கள் நிலைத்துவிட்டால், பவளப் பூச்சிகள் தம் உடலில் தங்கி உணவளித்துவந்த நுண்பாசிகளை வெளியேற்றி வெளுத்துப்போகின்றன. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் அந்தமானில் இவ்விதம் நேர்ந்தது. ஆகவே பிரயாணத்தைப் பங்குனிக்குள் முடித்துக்கொள்வது உசிதம். சித்திரையில்தான் போக முடியுமென்றால், வெளுத்த பாறைகளை விட்டு விலகியே நீந்துங்கள். வெளுத்த பவளம் உடனே மாண்டுவிடுவதில்லை. நீர் குளிர்ந்தால் மீளக்கூடியதை நாம் மேலும் வருத்தலாகாது.

புறப்படுமுன் வைத்தியரைக் கண்டு பேசுங்கள். ஆஸ்துமா, இருதய நோய், காக்காய்வலிப்பு, காதில் சீழ் ஆகியவை உள்ளவர்கள் அவருடைய அனுமதியின்றி இறங்கக் கூடாது. கர்ப்பிணிகள் இறங்கவே கூடாது. சாதாரண ஜலதோஷத்தையும் அலட்சியம் செய்யாதீர்கள். பத்து மீட்டர் இறங்குந்தோறும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. மூக்கடைத்திருந்தால் அந்த அழுத்தத்தைக் காதுக்குள் சமன்செய்ய இயலாது.

நீந்தத் தெரிந்தும் முக்குளிக்கப் பயிலாதவர்கள், நெமோ ரீஃப் போன்ற ஆழங்குறைந்த இடத்தில் பயிற்சியாளரின் துணையோடு, 12 மீட்டருக்குள் இறங்கித் திரும்புவதோடு திருப்தியடைவது நல்லது. முதல் நிலைச் சான்றிதழ் பெற்றவர்களுக்கு எல்லை 18 மீட்டர். டிக்சன்ஸ் பினக்கிள் போன்ற ஆழமான பாறைகளுக்கு மேல்நிலைப் பயிற்சி அவசியம்.

முதுகில் சுமக்கும் சிலிண்டரில் இருப்பது, பலரும் எண்ணுவதுபோல் தனிப் பிராணவாயு அன்று; அழுத்தி அடைத்த சாதாரணக் காற்றே. காது வலிக்கத் தொடங்கும் வரை காத்திராமல், மூக்கைப் பிடித்து மெல்ல ஊதிக்கொண்டே இறங்குங்கள். எக்காரணம் கொண்டும் மூச்சை அடக்காதீர்கள். மேலே வரும்போது விரியும் காற்று நுரையீரலைக் கிழித்துவிடும். வழக்கமாக 200 பார் அழுத்தத்தில் தொடங்கும் அளவுமானியின் முள் 50-க்கு இறங்குமுன் படகுக்குத் திரும்பியிருக்க வேண்டும். ஏறும் வேகம் நிமிஷத்துக்கு 9 மீட்டரைத் தாண்டலாகாது. 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிஷம் நின்று வருவது க்ஷேமம்.

பாறையருகே நிதானமே மரியாதை. அசையாமல் மிதந்தால், கிளிமீன் தன் அலகு போன்ற பற்களால் பாறையைக் கொறிக்கும் ஓசைகூடத் தெளிவாய்க் கேட்கும். உருண்ட மூளைப் பவளம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டரே வளர்வது. காலில் மாட்டிய துடுப்பின் ஓர் உதை அதன் பல ஆண்டு வளர்ச்சியை ஒரு நொடியில் சிதைத்துவிடும். உதை படாவிட்டாலும், அது கிளப்பும் மணல் பவளத்தின்மேல் படிந்து அதை மூச்சுத் திணறச் செய்யும். வெயிலுக்காக முகத்துக்கும் கைக்கும் களிம்பு பூசுவதைவிட முழுக்கை உடை அணிவது நீருக்கும் நமக்கும் நன்மை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பவளத்தைக் காக்கிறது; கரையில் ஒதுங்கிய துண்டாயினும் பெட்டியில் வைக்காதீர்கள்.

திரும்பும் ஏற்பாட்டில்தான் பலர் தவறுகிறார்கள். அழுத்தத்தால் இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் முழுதும் வெளியேறுமுன் விமானமேறினால், மூடி திறந்த சோடாவில் எழுவதுபோல் உடலுக்குள் குமிழிகள் எழலாம். ஒரே முறை முக்குளித்தவர் குறைந்தது 12 மணி நேரமும், பல நாள் தொடர்ந்து முக்குளித்தவர் 18 மணி நேரமும் பொறுத்திருக்க வேண்டும்; ஒரு முழு நாள் விடுவது இன்னும் நன்று. மேலும், வங்கக் கடலில் காற்றழுத்தம் தாழ்ந்தால் தீவுகளுக்கிடையே கப்பல் நின்றுபோகும். 2016 டிசம்பரில் ஹாவ்லாக்கில் சிக்கியவர்களை மீட்கக் கடற்படைக் கப்பல்கள் செல்ல நேர்ந்தது. எனவே டிக்கெட் எடுக்கும்போதே கடைசி நாளை, முன்பு போர்ட் பிளேர் என்று வழங்கிய ஸ்ரீ விஜயபுரத்தின் செல்லுலார் சிறையைக் காண ஒதுக்கிவிட்டு, எஞ்சிய நாட்களை மட்டும் கடலுக்கென்று கணக்கிடுங்கள்.