புதரில் வாழும் சிற்றுண்ணி



மருந்து சாப்பிட்டும் ஒரு வாரமாகக் காய்ச்சல் தணியாத சிலருடைய அக்குளிலோ தொடை இடுக்கிலோ சிறிய கறுத்த புண் ஒன்று காணப்படும். சிகரெட்டால் சுட்டதுபோல் இருக்கும், பெரும்பாலும் வலிக்காது. அது ‘ஸ்க்ரப் டைபஸ்’ என்னும் உண்ணிக் காய்ச்சலின் அடையாளம்.

நாயின் மேல் ஒட்டும் உண்ணியால் இது வருவதில்லை. சிலந்திக்கு உறவான சிற்றுண்ணியே காரணம். சிற்றுண்ணிகளில் 40,000க்கும் மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டுள்ளன. சிரங்கை உண்டாக்குவது ஓர் இனம். 1998 முதல் தமிழகத் தென்னைகளை வாட்டிவரும் ஈரியோபைட் சிலந்தி மற்றோர் இனம். மழைக்குப்பின் தரையில் ஊரும் சிவப்புப் பட்டுப்பூச்சியும் இக்கூட்டத்தைச் சேர்ந்ததே.

காய்ச்சலைப் பரப்பும் சிற்றுண்ணியின் வாழ்க்கை விசித்திரமானது. வளர்ந்ததற்கு 8 கால்கள். அது மண்ணில் பூச்சி முட்டைகளைத் தின்று வாழும், மனிதரைக் கடிக்காது. 6 கால்களுள்ள அதன் குஞ்சு மட்டுமே ஒருமுறை எலியையோ மனிதரையோ கடிக்கும். அதன் அளவு சுமார் 0.2 மில்லிமீட்டர், கண்ணுக்குத் தெரிவதே அரிது. நோய்க்கிருமி தாயிடமிருந்து முட்டை வழியாகவே குஞ்சுக்கு வந்துவிடுகிறது. ஆகவே ஓரிடத்தில் புகுந்த கிருமி அங்கே தலைமுறை தலைமுறையாக நிலைத்திருக்கும்.

புதரும் எலியும் சேர்ந்த இடமே இதற்கு ஏற்ற இடம். திருவேற்காட்டில் கூவம் கரையோரமும் முட்செடி மண்டிய காலி மனைகளும் நாம் அறிந்தவையே. மழைக்காலத்திலும் அதைத் தொடரும் குளிர் மாதங்களிலும் நோய் மிகும்.

கவனிக்க வேண்டியவை:

1. கடித்து 6 முதல் 21 நாட்களுக்குள் காய்ச்சல், கடும் தலைவலி, உடல்வலி தோன்றும். ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது.

2. புண் மறைவிடங்களில் இருப்பதால், முக்கியமாகப் பெண்கள், கூச்சத்தால் சொல்வதில்லை. தயங்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். புண் இல்லாமலும் இந்நோய் வரலாம். இரத்தப் பரிசோதனை உண்டு.

3. டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் ஆகிய விலை குறைந்த மருந்துகளே போதும். தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை பாதிக்கப்பட்டு உயிருக்கே ஆபத்தாகும். கடுமையான நோயில் இவ்விரண்டையும் சேர்த்து நரம்பில் செலுத்துவது, ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட நல்லது என்று வேலூர் சி.எம்.சி. தலைமையில் 7 இந்திய மருத்துவமனைகள் நடத்திய ஆய்வு 2023இல் காட்டியது.

4. புதர் வெட்டும்போது முழுக்கை, முழுக்கால் உடை அணியுங்கள். வீடு திரும்பியதும் சோப்பு போட்டுக் குளித்து, உடுப்புகளைத் துவையுங்கள்.

மருந்து மலிவானது, தாமதமே விலை உயர்ந்தது. காய்ச்சல் நீடித்தால், புதர்ப்பக்கம் போனதையும் மருத்துவரிடம் மறவாமல் சொல்லுங்கள்.